வரவேற்பு மேசையில் இருப்பவர் யாரை அழைப்பார்?

அமெரிக்கக் கல்லூரி விடுதிகளின் வாசலில் ஒரு மேசை இருக்கும். இரவு நேரத்தில் அதன் பின்னால் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இன்னொரு மாணவர்தான். கைச்செலவுக்காகப் பகுதிநேர வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை. அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுவது, சாவியைத் தொலைத்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது, நடுநடுவே தன் பாடத்தையும் படித்துக்கொள்வது. இவ்வளவுதான் வேலை. அந்த மேசைக்கு முன்னால் இரண்டு அதிகாரிகள் வந்து நின்று, ஒரு காகிதத்தை நீட்டி, ஒரு பெயரைச் சொல்லி, இந்த மாணவி எந்த அறையில் இருக்கிறாள் என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

எல்லாம் அந்தக் காகிதத்தைப் பொறுத்தது. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் என்றால் கல்லூரி கதவைத் திறந்தே ஆகவேண்டும். ஆனால் குடிவரவு அமலாக்கத் துறையினர் கையில் வழக்கமாக இருப்பது வேறு ஒன்று. ஐ-200 என்ற எண் கொண்ட படிவம். அதிலும் வாரண்ட் என்றுதான் தலைப்பு இருக்கும். ஆனால் கையெழுத்து நீதிபதியுடையது அல்ல, அதே துறையின் அதிகாரி ஒருவருடையது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தத்துக்கு நீதிமன்றங்கள் காலங்காலமாகக் கொடுத்துவந்த விளக்கத்தின்படி, அந்தப் படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் தங்கியிருக்கும் அறைக்குள் அனுமதியில்லாமல் நுழைய முடியாது. யாராவது கதவைத் திறந்து ‘வாருங்கள்’ என்று சொல்லிவிட்டால் கதை வேறு.

இந்த வித்தியாசம் சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். மேசையில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியுமா? ஆவணமற்ற மாணவர்களைக் கல்லூரிகள் எப்படிக் காப்பாற்றுவது என்று இன்று அமெரிக்காவில் பெரிய பெரிய அறிக்கைகள் வருகின்றன. அந்த அறிக்கைகளுக்கெல்லாம் உரைகல் இந்த மேசைதான் என்று நான் நினைக்கிறேன்.

பதினாறு வயதில் தெரியவந்த செய்தி

ஆவணமற்ற மாணவர்களில் பெரும்பாலானவர்கள் தாங்களாக முடிவெடுத்து எல்லை தாண்டியவர்கள் அல்லர். கைக்குழந்தையாக, பள்ளிப் பிள்ளையாக அழைத்து வரப்பட்டவர்கள். சிலர் சுற்றுலா விசாவில் முறையாக வந்து, விசா காலாவதியான பிறகும் தங்கிவிட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தங்களிடம் சரியான காகிதம் இல்லை என்பதே பலருக்குப் பதினாறு, பதினேழு வயதில்தான் தெரியவருகிறது.

பத்திரிகையாளர் ஹோசே அன்டோனியோ வர்காஸின் கதை இதற்குச் சாட்சி. பிலிப்பைன்ஸிலிருந்து 12 வயதில், 1993இல், கலிஃபோர்னியாவில் இருந்த தாத்தா பாட்டியிடம் அனுப்பிவைக்கப்பட்டவர். 16 வயதில் ஓட்டுநர் உரிமம் வாங்க சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். அவர் நீட்டிய கிரீன் கார்டைத் திருப்பிப் பார்த்த அலுவலர், இது போலி, இனி இங்கே வராதே என்று தாழ்ந்த குரலில் சொல்லி அனுப்பினார். பள்ளியின் பாடகர் குழுவை ஜப்பானுக்கு அழைத்துப் போக ஆசிரியை திட்டமிட்டபோது, பணப் பிரச்சினை இல்லை, தன்னிடம் முறையான பாஸ்போர்ட் கிடையாது என்று உண்மையைச் சொன்னார். ஆசிரியை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. குழு ஜப்பானுக்குப் பதில் ஹவாய்க்குப் போனது. மேற்படிப்பு என்று வந்தபோது, பள்ளி முதல்வரும் கல்வி மாவட்ட அதிகாரியும் சேர்ந்து, குடியுரிமையைப் பற்றிக் கேட்காத ஒரு தனியார் உதவித்தொகையைத் தேடிப்பிடித்தார்கள். வர்காஸ் சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 2008இல் வாஷிங்டன் போஸ்ட் செய்திக் குழுவில் ஒருவராகப் புலிட்சர் பரிசில் பங்குபெற்றார். 2011இல்தான் தன் நிலையை ஊரறியச் சொன்னார்.

பயணத்தை ஹவாய்க்கு மாற்றிய அந்த ஆசிரியை எந்தப் போராட்டமும் நடத்தவில்லை. ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் முன்னால் நிறுத்திக் காட்டாமல் ஏற்பாட்டை மாற்றினார், அவ்வளவுதான். ஒரு கல்வி நிலையம் செய்யக்கூடியதன் சாரம் அதில் இருக்கிறது.

பள்ளிக்கு உண்டு, கல்லூரிக்கு இல்லை

1982 ஜூன் 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘பிளைலர் எதிர் டோ’ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. டெக்ஸஸின் டைலர் நகரப் பள்ளி நிர்வாகம், ஆவணமில்லாத பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டதில் தொடங்கிய வழக்கு அது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில், ஐந்துக்கு நான்கு என்று, பிள்ளைகள் வென்றார்கள். அன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளிக் கதவை யாரும் அவர்களுக்கு அடைக்க முடியாது.

பன்னிரண்டாம் வகுப்போடு அந்தத் தீர்ப்பின் எல்லை முடிந்துவிடுகிறது. கல்லூரியில் சேரக்கூடாது என்று தேசம் முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை. சேர்க்கவேண்டும் என்றும் சட்டம் இல்லை. எனவே எந்த மாநிலத்தில் வளர்ந்தாய் என்பது தலையெழுத்தாகிறது. தென் கரோலினா 2008இல் தன் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இவர்களுக்கு இடமில்லை என்றது. ஜார்ஜியா 2010இல், போட்டி மிகுந்த தன் முன்னணி அரசுப் பல்கலைக்கழகங்களின் கதவை அடைத்தது. அடுத்த ஆண்டே ஜார்ஜியா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நால்வர் ‘ஃப்ரீடம் யுனிவர்சிட்டி’ என்ற பெயரில், உள்ளே வர முடியாத அந்த மாணவர்களுக்கு இலவசமாக வகுப்பெடுக்கத் தொடங்கினார்கள். வாரம் முழுவதும் தாங்கள் பாடம் நடத்தும் வளாகத்தின் வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிய ஆசிரியர்கள் அவர்கள்.

கதவு திறந்திருக்கும் மாநிலங்களிலும் அடுத்த தடை பணம். ஆவணமற்றவர்களுக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகை கிடையாது, மத்திய அரசின் கல்விக் கடனும் கிடையாது. மாநிலத்தவர் கட்டணமா, வெளிமாநிலத்தவர் கட்டணமா என்பதுதான் படிப்பா கூலி வேலையா என்பதைத் தீர்மானிக்கிறது. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த இரண்டுக்கும் மூன்று நான்கு மடங்கு வித்தியாசம் உண்டு.

இந்தச் சுமையை முதலில் இறக்கிவைத்த மாநிலம் டெக்ஸஸ் என்பது இன்று பலருக்கு மறந்துவிட்டது. 2001இல், குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் பெரி கையெழுத்திட்ட சட்டம் அது. உயர்நிலைப் பள்ளியை முடிப்பதற்கு முந்தைய 36 மாதங்கள் டெக்ஸஸில் வாழ்ந்திருக்க வேண்டும். தகுதி கிடைத்த உடனே நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிப்பேன் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து, அதிபர் வேட்பாளருக்கான விவாத மேடையில் தன் கட்சிக்காரர்களே இதைக் குறைசொன்னபோது, இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு கொடுக்கக்கூடாது என்பவர்களுக்கு இதயமே இல்லை என்று பெரி பதில் சொன்னார். அந்தப் பதிலால் அவர் ஓட்டுகளை இழந்தார்.

அந்தச் சட்டம் 24 ஆண்டுகள் நின்றது. 2025 ஜூன் 4 அன்று மத்திய நீதித்துறை அமைச்சகம் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. சட்டத்தைக் காப்பாற்றி வாதாட வேண்டிய டெக்ஸஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகம் எதிர்த்தரப்போடு உடன்பட்டது. அன்றைக்கே, சில மணி நேரத்தில், நீதிபதி ரீட் ஓ’கானர் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார். பாதிக்கப்படும் மாணவர்களின் தரப்பைச் சொல்ல அந்த வழக்கில் ஒருவரும் இல்லை. ஃப்ளோரிடா தன் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை அதே ஆண்டு பிப்ரவரியில் தானாகவே நீக்கிவிட்டிருந்தது. கென்டக்கி, மினசோட்டா, ஓக்லஹோமா, இல்லினாய் என்று வழக்குகள் தொடர்ந்தன.

டெக்ஸஸ் மாணவர்கள் எழுதிக்கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தை நினைத்துப் பாருங்கள். நான் உண்மையாக நடந்துகொள்வேன் என்று பதினெட்டு வயதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அது. கல்லூரிகளின் கோப்புகளில் அது இன்னும் இருக்கிறது. சலுகைக்காக வாங்கிய அதே காகிதம், யார் யாரிடம் ஆவணம் இல்லை என்று காட்டும் பட்டியலாகவும் ஆகக்கூடும்.

எழுதாமல் விட்ட வரி

மாணவர் பதிவுகளைக் காக்க 1974இல் வந்த ஒரு மத்திய சட்டம் இருக்கிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஃபெர்ப்பா’ என்பார்கள். மாணவரின் சம்மதமில்லாமல் அவருடைய பதிவுகளைக் கல்லூரி வெளியாருக்குக் கொடுக்கக்கூடாது. நீதிமன்ற உத்தரவோ முறையான சம்மனோ வந்தால் கொடுக்கலாம். அப்போதும் முன்கூட்டியே மாணவருக்குத் தகவல் சொல்ல முயற்சி எடுக்க வேண்டும். குடிவரவுத் துறை தானே அனுப்பும் நிர்வாக சம்மனைக் கல்லூரி உடனே ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஏற்க மறுத்தால் அந்தத் துறைதான் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். இதற்குள் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பெயர், முகவரி, தொலைபேசி எண், படிக்கும் துறை போன்றவற்றை ‘பொதுவிவரம்’ என்று ஒரு கல்லூரி அறிவித்திருந்தால், அவற்றைக் கேட்பவருக்குக் கொடுக்கலாம். வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் உரிமை மாணவருக்கு உண்டு. அந்தப் படிவம் இணையதளத்தின் எந்த மூலையில் கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் செய்யக்கூடிய முதல் உதவி, கேட்காமல் இருப்பது. தேவையில்லாத இடத்தில் பிறந்த நாட்டையும் குடியுரிமையையும் கேட்கும் கட்டங்களை விண்ணப்பங்களிலிருந்து எடுத்துவிடலாம். பேராசிரியர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘இந்த மாணவி ஆவணமில்லாத நிலையிலும் எவ்வளவு உறுதியோடு படித்தாள் தெரியுமா’ என்று பரிந்துரைக் கடிதத்தில் எழுதிவிடுகிறார்கள். ‘இவருக்கு நாடுகடத்தலிலிருந்து விலக்குத் தரும் டாகா இல்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று நான்கு அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் போடுகிறார்கள். அன்பினால் எழுதியதுதான். ஆனாலும் எழுதிய பிறகு அது ஒரு பதிவு. பதிவு இருந்தால் ஒருநாள் யாராவது கேட்பார்கள். இல்லாத பதிவை எந்த சம்மனாலும் வாங்க முடியாது.

இதற்கு நேர் எதிரான பாதையில் போன நிறுவனங்களும் உண்டு. 2025 ஏப்ரலில் ஃப்ளோரிடாவின் சில அரசுப் பல்கலைக்கழகங்களின் காவல் பிரிவுகள், குடிவரவு அமலாக்கத் துறையின் வேலையைத் தாங்களும் செய்ய ஒப்பந்தம் போட்டன. அன்றுவரை தொலைந்த மடிக்கணினிக்குப் புகார் கொடுக்கவும், இரவில் விடுதிவரை துணைக்கு வரச்சொல்லிக் கேட்கவும் மாணவர்கள் நம்பிப் போன காவலர்கள் அவர்கள். ஒரு மாணவி தனக்கு நேர்ந்த தாக்குதலைப் பற்றிப் புகார் கொடுக்கப் பயந்தால் அது அவளோடு போகாது. தாக்கியவன் அதே வளாகத்தில் நடமாடுவான். அதனால் பாதுகாப்பு குறைவது எல்லோருக்கும்தான்.

டாகா என்னும் பழைய குடை

2012 ஜூன் 15 அன்று, பிளைலர் தீர்ப்பு வந்து சரியாக 30 ஆண்டுகள் முடிந்த நாளில், அதிபர் ஒபாமா ‘டாகா’ திட்டத்தை அறிவித்தார். 16 வயதுக்கு முன் வந்தவர்களுக்கு இரண்டு இரண்டு ஆண்டுகளாக நாடுகடத்தலிலிருந்து விலக்கும் வேலை செய்ய அனுமதியும் கிடைத்தன. அந்த ஆணையில் கையெழுத்திட்டவர் அன்றைய உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஜேனட் நபாலிடானோ. 2017இல் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தபோது நபாலிடானோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். அரசின்மீது பல்கலைக்கழகமே வழக்குப் போட்டது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று வென்றது. ஒரு கல்வி நிறுவனம் தன் மாணவர்களுக்காக நாட்டின் அரசை நீதிமன்றத்துக்கு இழுத்து வெல்ல முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை.

ஆனால் இன்று கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகளுக்கு அந்தக் குடை எட்டாது. 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு மட்டுமே டாகா. 2021இலிருந்து நீதிமன்ற உத்தரவால் புதிய விண்ணப்பங்களும் பரிசீலிக்கப்படுவதில்லை. கல்லூரி அலுவலர்கள் பலர் இன்னும் ‘ஆவணமற்ற மாணவர்’ என்றாலே டாகா வைத்திருப்பவர் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். முதலாண்டு வகுப்பில் இருக்கும் பிள்ளையிடம் வேலை அனுமதி கிடையாது. நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைகூட அதற்குக் கிடைக்காது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் வேலை கொடுப்பவரைத் தண்டிக்கும்.

இங்கேதான் கல்லூரிகள் மூளையைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. சம்பளமாகக் கொடுக்க முடியாததை, வேலையோடு கட்டிப்போடாத ஆய்வு உதவித்தொகையாகக் கொடுக்கலாம். பல கல்லூரிகள் வழக்கறிஞர்களைக் கேட்டு அப்படித் திட்டங்களை வகுத்திருக்கின்றன. மாநில அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அந்த 1986 சட்டம் பொருந்தாது என்று லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துச் சட்ட அறிஞர்கள் வாதிட்டபோது, கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழு முதலில் தலையாட்டியது. 2024 ஜனவரியில் பயந்து பின்வாங்கியது. மேலே நான் புகழ்ந்த அதே பல்கலைக்கழகம்தான். டாகாவுக்காக உச்ச நீதிமன்றம்வரை போன கால்கள் சொந்த நூலகத்தின் வாசலில் தயங்கியது எனக்கு வருத்தம்தான்.

வேலை என்று வரும்போது முன்மாதிரி சிகாகோவுக்கு அருகே இருக்கிறது. லயோலா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரிச் மருத்துவக் கல்லூரி, டாகா மாணவர்களை வெளிப்படையாக வரவேற்ற நாட்டின் முதல் மருத்துவக் கல்லூரி. 2014இல் முதல் அணி சேர்ந்தது. மத்திய கடன் கிடைக்காத அவர்களுக்கு இல்லினாய் மாநில நிதி அமைப்பின் மூலம் கடனுக்கு வழிசெய்தார்கள். மருத்துவர் இல்லாத பகுதிகளில் வேலை பார்க்கவேண்டும் என்பது நிபந்தனை. டெலவேர் மாநிலப் பல்கலைக்கழகம், கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட வரலாறு உடையது. சொந்த மாநிலம் கதவடைத்த பிள்ளைகளை 2016 முதல் ‘தி ட்ரீம்.யு.எஸ்’ உதவித்தொகை அமைப்போடு சேர்ந்து அது தன் வளாகத்துக்கு அழைத்துக்கொண்டது. ஒருகாலத்தில் யாருக்குக் கல்லூரி வாசல் மறுக்கப்பட்டதோ அவர்களுக்காகக் கட்டிய வளாகம் அது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2012இலிருந்து ஆவணமற்ற மாணவர்களுக்கென்றே தனி அலுவலகம் நடக்கிறது. படிப்பு ஆலோசகர், மனநல ஆலோசகர், சட்ட உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ். டேவிஸ் வளாகத்துச் சட்டக் கல்லூரியில் அமைந்த மையம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மற்ற வளாக மாணவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இலவசமாக வழக்கறிஞர் உதவி தருகிறது. ஒரு கல்லூரியால் ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அது வழக்கறிஞராக இருக்கட்டும். தங்களுக்குச் சட்டபூர்வ வழி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஒளிந்து வாழும் பிள்ளைகள் உண்டு. குற்றத்துக்கு ஆளானவர்களுக்கான விசா, பெற்றோரால் கைவிடப்பட்டவர்களுக்கான வழி என்று சில கதவுகள் இருக்கின்றன. அவற்றில் சில குறிப்பிட்ட வயதோடு அடைபட்டுவிடும்.

இது நம் வீட்டுப் பேச்சும்தான்

நம்மவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. நாங்கள் வரிசையில் நின்று, ஹெச்-1பி வாங்கி, வரி கட்டி வாழ்கிறவர்கள்; இது எங்கள் பிரச்சினை இல்லை என்று. அந்த வரிசையே பிள்ளைகளின் காலை இடறுகிறது. ஹெச்-1பி பெற்றோரோடு மூன்று வயதில் வந்த குழந்தை ஹெச்-4 விசாவில் வளர்கிறது. ஒரு நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்ற உச்சவரம்பினால் இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை பல பத்தாண்டுகள் நீளம். 21ஆம் பிறந்தநாளில் அந்த ஹெச்-4 முடிந்துவிடும். மாணவர் விசாவுக்கு மாறவேண்டும், இல்லையென்றால் நினைவில் இல்லாத ஊருக்குத் திரும்பவேண்டும். முறையான விசா இருந்ததாலேயே இவர்களுக்கு டாகாவும் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகள் அமெரிக்காவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், கல்லூரி அலுவலகத்தில் வெளிநாட்டு மாணவியாக எழுதப்படுகிறாள்.

ஆவணம் இல்லாமலே வாழும் இந்தியர்களும் குறைவில்லை. 2022இல் ஏழு லட்சத்துக்கு மேல் என்று பியூ ஆய்வு மையம் மதிப்பிட்டது. வேறு கணக்குகள் அதில் ஏறக்குறைய பாதியைச் சொல்கின்றன. 2025 வசந்தகாலத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் அரசின் கணினியிலிருந்து திடீரென்று நீக்கப்பட்டன. அவர்களில் இந்தியர்கள் ஏராளம். வேக வரம்பை மீறியதற்கு அபராதம் கட்டியது போன்ற சின்ன விஷயங்கள்கூடக் காரணமாயின. நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு ஏப்ரல் இறுதியில் பதிவுகள் திரும்பச் சேர்க்கப்பட்டன. முந்தின இரவு முறையாகத் தூங்கப் போனவர்கள் காலையில் ஆவணமற்றவர்களாக எழுந்தார்கள். சில கல்லூரிகள் தினமும் பதிவுகளைச் சரிபார்த்து மாணவரை அழைத்துச் சொன்னதால்தான் பலர் நேரத்தோடு நீதிமன்றம் போகமுடிந்தது.

அதே ஆண்டு மார்ச் 25 அன்று டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவி ருமேசா ஓஸ்டுர்க் தெருவில் கைது செய்யப்பட்டார். மாணவர் விசாவில் படித்துக்கொண்டிருந்தவர். அவருக்கே தெரியாமல் அந்த விசா ரத்து செய்யப்பட்டிருந்தது. ஒரு வாரத்தில் பல்கலைக்கழகத் தலைவர் சுனில் குமார், இந்தியாவில் பிறந்தவர், நீதிமன்றத்தில் வாக்குமூலம் தாக்கல் செய்தார். இந்த மாணவிமீது சொல்லப்படும் குற்றச்சாட்டுக்கு ஆதாரமான எதுவும் எங்களிடம் இல்லை, விடுதலை செய்யுங்கள் என்று. மே 9 அன்று அந்த மாணவி விடுதலையானார்.

இப்படிச் செயலில் இறங்குவது வேறு, வெறும் அறிவிப்பு வேறு. 2016 தேர்தலுக்குப் பிறகு பல வளாகங்களில் ‘சரணாலய வளாகம்’ என்று அறிவிக்கச் சொல்லி மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். சில கல்லூரிகள் அறிவிக்கவும் செய்தன. அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் எதுவும் இல்லை. கல்விக்கூடங்களுக்குள் கைது வேண்டாம் என்று 2011 முதல் இருந்த அரசின் சொந்த வழிகாட்டுதலே 2025 ஜனவரியில் ஒரு கையெழுத்தில் போய்விட்டது. பலகையில் எழுதிய சொல் காப்பாற்றும் என்று எந்தப் பிள்ளையையும் நம்பவைக்கக் கூடாது.

அமெரிக்காவில் படித்த, படிப்பிக்கிற, பிள்ளைகளைப் படிக்கவைக்கிற தமிழர்கள் இன்று பல்லாயிரம் பேர். ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டிய சமூகம் நம்முடையது. கல்லூரித் தலைவர்கள் நம் கடிதத்தைப் படிப்பார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு விடுதி வாசலில் ஒரு காகிதத்தோடு யாராவது வந்தால் மேசையில் இருக்கும் மாணவர் யாரை அழைக்கவேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? மாணவருக்காகப் பேச ஒரு வழக்கறிஞர் இருக்கிறாரா? தேவையில்லாத எந்தக் கேள்வி உங்கள் விண்ணப்பத்தில் இன்னும் இருக்கிறது? இந்த மூன்றையும் கேளுங்கள். நாங்கள் எல்லா மாணவர்களையும் மதிக்கிறோம் என்று பதில் வந்தால் மறுபடியும் எழுதுங்கள். ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் கிடைக்கும்வரை விடாதீர்கள்.